ஒளியிழை சென்சார் பட்டறை: மாணவியர் கையாலேயே செய்து அளக்க எது சரிப்படும்?

வகுப்பறை9:

13, 14 வயது மாணவியர் 24 பேருக்கு மூன்று மணி நேரப் பட்டறை. தலைப்பு ஒளியிழை சென்சார்கள், அதாவது இழை வழியே போகும் ஒளி மாறுவதை வைத்து அளப்பவை. வழக்கமான திட்டம் தயாராக இருக்கிறது: முக்கால் மணி நேரம் ஸ்லைடு, பிறகு பாட்டிலிலிருந்து வழியும் தண்ணீரில் லேசர் வளைந்து போவதைக் காட்டுவது, கடைசியில் ஒரு பெண் ஆராய்ச்சியாளரின் உரை. இதில் பிள்ளைகள் கைவைக்க எதுவுமே இல்லை என்பதுதான் உறுத்தல். சாலிடரிங் கூடாது, பிள்ளைகள் கையில் கண்ணாடி இழையும் கூடாது என்று நிபந்தனை. ஆர்டுயினோ உனோ (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) எட்டு, மடிக்கணினி எட்டு, பிரெட்போர்டு (சாலிடர் இல்லாமல் வயர் செருகும் பலகை), மல்டிமீட்டர் இருக்கின்றன. இந்த நேரத்துக்குள் உண்மையாகவே எதையாவது அளக்கிற சென்சார் ஒன்றைச் செய்து முடிக்க முடியுமா?

இழைமுனை:

முடியும். பிளாஸ்டிக் இழையை எடுத்துக்கொள்ளுங்கள்: 1 மிமீ தடிமன், பிஎம்எம்ஏ (அக்ரிலிக் பிளாஸ்டிக்), மேலுறை இல்லாதது. உள்ளகத்தின் ஒளிவிலகல் எண் 1.49. அதைச் சுற்றி இருக்கும் கிளாடிங் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர்தான். அதை ஓரிடத்தில் தேய்த்து எடுத்துவிட்டு வளைத்தால், வெளியே இருக்கும் திரவமே கிளாடிங் ஆகிவிடும். திரவத்தின் ஒளிவிலகல் எண் கூடக்கூட முழு அக எதிரொளிப்பு தளர்ந்து ஒளி அதிகம் கசியும், மறுமுனைக்கு வருவது குறையும். சர்க்கரைக் கரைசலின் செறிவை இதை வைத்தே அளக்கலாம். ஆய்வகங்களில் யூ வடிவ இழைமுனையை வைத்துச் செய்யும் உயிரியல் சென்சார்களும் இதே அடிப்படையில்தான் வேலை செய்கின்றன. பொம்மை வேலை இல்லை.

ஒரு குழுவுக்கு 60 செமீ இழை. இரு முனைகளையும் கூரான பிளேடால் ஒரே அழுத்தில் வெட்டுங்கள். கட்டிங் பிளையர் வேண்டாம், முனை நசுங்கி உள்ளே வெடிப்பு ஓடும். பிறகு 600, 1500, 2000 எண் வரிசையில் நீர்த்தாளை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) கண்ணாடித் தட்டின்மேல் வைத்து, நனைத்து, எட்டு போடுகிற மாதிரி ஒவ்வொன்றிலும் இருபது முறை. ஒரு முனையை விளக்குப் பக்கம் காட்டி மறுமுனையைப் பார்த்தால் முழு வட்டமாக ஒளிர வேண்டும். பிறைபோல் ஒரு பக்கம் இருண்டிருந்தால் வெட்டு சாய்வு. நடுவில் கருங்கோடு தெரிந்தால் வெடிப்பு, அரை சென்டிமீட்டர் விட்டு மறுபடி வெட்டுங்கள்.

வளைவுக்கு 10 மிமீ விட்டமுள்ள மார்க்கர் பேனாவில் இழையை யூ வடிவில் கட்டி, 75 முதல் 80 டிகிரி வெந்நீரில் இரண்டு நிமிடம் வைத்துக் குளிர்நீருக்கு மாற்றினால் வடிவம் நிற்கும். கொதிநீர் கூடாது. இழுத்து நீட்டிச் செய்த பொருள் என்பதால் அந்தச் சூட்டில் இழை நீளத்தில் சுருங்கித் தடித்துவிடும். இந்த ஒரு படியை மட்டும் முதல் நாளே நீங்கள் செய்து வைத்துவிடலாம். பிறகு வளைவின் வெளிப்புறத்தை மட்டும் 1 செமீ நீளத்துக்கு 600 தாளால் பத்துத் தேய்ப்பு. அதை அவர்கள் செய்யட்டும்.

டேட்டாஷீட்:

சர்க்யூட்டை எளிமையாக வைத்துக்கொள்ளலாம். ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சில்லு) இல்லாமலே ஓடும். ஒளி பட்டால் மின்னோட்டம் தரும் பிபிடபிள்யூ34 போட்டோடயோடின் கேத்தோடு 5 வோல்ட்டுக்கு, ஆனோடு உனோவின் ஏ0 பின்னுக்கு. ஏ0விலிருந்து தரைக்கு ஒரு ரெசிஸ்டர், அதற்கு இணையாக 10 நானோஃபாரட் கெபாசிட்டர். ரெசிஸ்டரை முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். 100 கிலோஓம், 220, 470, 1 மெகாஓம் நான்கையும் மேசையில் வைத்துவிடுங்கள். சென்சார் காற்றில் இருக்கும்போது வாசிப்பு 600க்கும் 800க்கும் நடுவில் விழுகிற ரெசிஸ்டர் எது என்று அவர்களே மாற்றி மாற்றிப் பார்க்கட்டும். உச்ச எண்ணான 1023ஐத் தொட்டுவிட்டால் அதற்குமேல் எத்தனை ஒளி வந்தாலும் ஒரே எண்தான், 100க்குக் கீழே என்றால் படிகள் கரடுமுரடாகிவிடும். ஒரு படி 4.9 மில்லிவோல்ட்.

கெபாசிட்டரை விட்டுவிடாதீர்கள். இத்தனை பெரிய ரெசிஸ்டரிலிருந்து நேராக எடுத்தால் ஏடிசியின் (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி) உள்ளீடு சரியாக நிரம்பாமல் எண் தடுமாறும்.

எல்இடி சிவப்பு, 5 மிமீ, பின் 9லிருந்து 220 ஓம் வழியாக. ஏறத்தாழ 14 மில்லிஆம்ப் ஓடும், பின் தாங்கும். சிவப்பு நிறத்துக்குக் காரணம் இருக்கிறது: பிஎம்எம்ஏ 650 நானோமீட்டரை ஒட்டி நன்றாகக் கடத்துகிறது, போட்டோடயோடும் அங்கே போதிய அளவு உணர்கிறது. கண்ணாடி இழைக்கு உகந்த 1550 நானோமீட்டரில் இந்தப் பிளாஸ்டிக் பயனற்றது.

வகுப்பறை9:

எல்இடியையும் இழையையும் ஹீட் ஷ்ரிங்க் டியூபால் இணைக்கலாம் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். போட்டோடயோடுக்குப் பதில் எல்டிஆர் (ஒளிக்கேற்ப மின்தடை மாறும் உறுப்பு) வைத்தால் என்ன? அது ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

இழைமுனை:

ஹீட் ஷ்ரிங்க் வேண்டாம். டியூப் சுருங்கத் தேவைப்படும் சூட்டில் இழையின் முனையும் உருகிக் கோணும், நீங்கள் மெருகேற்றியதெல்லாம் வீண். எல்இடிக்குப் பொருந்துகிற கறுப்பு ரப்பர் குழாய்த் துண்டு, இல்லாவிட்டால் தடித்த கறுப்புத் தாளைச் சுருட்டிக் கறுப்பு இன்சுலேஷன் டேப். இழையின் முனை எல்இடியின் குமிழைத் தொட்டு நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலே வாசிப்பு சரியும், அசைந்தால் ஆடும். சென்சார் ஆடுகிறது என்று பத்து நிமிடம் தேடுவார்கள், ஆடுவது இந்த இணைப்பாகத்தான் இருக்கும்.

டேட்டாஷீட்:

எல்டிஆர் மந்தம், அதோடு சற்று முன் பார்த்த வெளிச்சத்தின் தாக்கம் அதில் தங்கிவிடும். 40 சதவீதக் கரைசலிலிருந்து தண்ணீருக்குத் திரும்பினால் பழைய எண் வராது. காலிபரேஷன் கோடே, அதாவது தெரிந்த கரைசல்களை வைத்துச் செறிவுக்கும் எண்ணுக்கும் வரையும் கோடே, இரண்டு கோடாகிவிடும். இழையை வளைத்தால் ஒளி குறைவதை மட்டும் காட்டப் பயன்படும், இதற்குச் சரிவராது.

அறை வெளிச்சத்தைச் சமாளிக்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் குழல் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். உனோவில் ஒரு வாசிப்புக்கு ஏறத்தாழ 0.11 மில்லிநொடி, ஆகவே 180 வாசிப்பின் சராசரி ஏறக்குறைய 20 மில்லிநொடி. அதாவது மின்சாரத்தின் ஒரு முழுச் சுற்று, துடிப்பு அடங்கிவிடும். 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 150 போதும். எல்இடியை ஏற்றி, 50 மில்லிநொடி பொறுத்து, சராசரி எடுங்கள். அணைத்து, பொறுத்து, மறுபடி எடுங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிச்சம் இழை வழியாக வந்த ஒளி மட்டும். எல்இடி அணைந்திருக்கும்போதே எண் 300, 400 என்று நின்றால் கழித்தல் காப்பாற்றாது. டேப் சுற்றியதில் இடைவெளி இருக்கிறது, முதலில் அதை அடையுங்கள்.

ஒளிக்கசிவு:

கரைசல் பக்கம். எடைக்கு எடை கலக்குங்கள், மில்லிலிட்டரில் அளந்து கலந்தால் குழம்பும். ஒவ்வொன்றும் 200 கிராம் என்று வைத்தால் 10 சதவீதத்துக்கு 20 கிராம் சர்க்கரையும் 180 கிராம் தண்ணீரும். 0, 10, 20, 30, 40, 50 என ஆறுக்கும் சேர்த்து 300 கிராம் சர்க்கரை, 900 கிராம் தண்ணீர். 20 டிகிரி வெப்பநிலையில் ஒளிவிலகல் எண்கள் முறையே 1.333, 1.348, 1.364, 1.381, 1.400, 1.420. ஏழாவதாக நீங்கள் மட்டும் அறிந்த ஒரு செறிவு, உதாரணமாக 35, லேபிள் இல்லாமல். கடைசி அரை மணி நேரத்துக்கு அதுதான் வேலை.

தப்பு நடக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். வளைவில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் எண் மேலே நிற்கும், லேசாகத் தட்டுங்கள். செறிவு குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் தண்ணீரில் அலசி ஒற்றித் துடையுங்கள். அலசாவிட்டால் பாகு காய்ந்து புதிய உறையாகப் படிந்துவிடும். முக்குகிற ஆழம் மாறக்கூடாது, இழையில் மார்க்கரால் கோடு போட்டு அதுவரை மட்டும். இரு கால்களும் தொங்கி ஆடினாலும் எண் மாறும் என்பதால் அவற்றை ஓர் அட்டையில் டேப்பால் ஒட்டி, அட்டையோடு சேர்த்து இறக்குங்கள்.

சுத்தம் செய்ய அசிட்டோனை எடுத்துவிடாதீர்கள், இழை கரையும். ஆல்கஹாலும் ஆபத்துதான். வளைந்த நிலையில் இழுவிசையில் இருக்கும் பிஎம்எம்ஏவில் அது பட்டால் நுண்ணிய வெடிப்புகள் கிளம்பி வளைவு வெளிறிப்போகும். சோப்புத் தண்ணீர் போதும்.

எட்டுக் குழுவுக்கும் எட்டு விதமான கோடு வரும். பத்துத் தேய்ப்பு என்று எண்ணிச் செய்தாலும் கை அழுத்தம் வேறு. அதைக் கோளாறு என்று சொல்லிவிடாதீர்கள். தன் சென்சாருக்குத் தானே காலிபரேஷன் எடுத்தால்தான் அதன் எண்ணை நம்பலாம் என்பது அங்கேதான் புரியும்.

சமபங்கு:

சர்க்யூட்டெல்லாம் சரி. யார் கையில் இருக்கும் என்பதையும் திட்டத்தில் எழுதுங்கள். ஆண், பெண் கலந்த குழுக்களில் கருவி ஒரு பக்கமும் குறிப்பேடு மறுபக்கமும் போய்ச் சேர்வது ஆய்வகக் கற்பித்தல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பதிவானது. பொறுப்பைப் பிரித்துக் கொடுக்காமல் விடுகிற ஆய்வகத்தில் அது தானாகவே நடந்துவிடுகிறது. பெண்கள் மட்டும் இருக்கும் குழுவிலும் இதன் நிழல் உண்டு. முன்பே ஆர்டுயினோ தொட்ட ஒருத்தி எல்லாவற்றையும் செய்துவிடுவாள், எழுத்து அழகாக இருப்பவள் எழுதிக்கொண்டே இருப்பாள்.

மூவர் குழு, மூன்று இடம்: இழையும் கரைசலும், வயரும் கணினியும், எழுத்தும் வரைபடமும். 25 நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடித்து இடம் மாற்றுங்கள். வேலை பாதியில் நின்றாலும் மாற வேண்டும். கையில் இருப்பதை அடுத்தவளுக்கு வாயால் விளக்கி ஒப்படைக்க ஒரு நிமிடம். உதவிக்கு வரும் பெரியவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேச வேண்டும். பிரெட்போர்டில் வயரைத் தானே பிடுங்கிச் சரியான துளையில் செருகிவிடுகிற உதவியாளர் இருந்தால் மற்ற ஏற்பாடெல்லாம் வீண்.

பேச்சிலும் ஒன்று. நான்கு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், 'இன்று விஞ்ஞானிகளாக இருப்போம்' என்பதைவிட 'இன்று அறிவியல் செய்வோம்' என்று அறிமுகம் செய்தபோது சிறுமிகள் அடுத்த விளையாட்டில் கூடுதல் நேரம் ஊன்றி நின்றார்கள். உங்கள் மாணவியர் வயதில் மூத்தவர்கள்தான், ஆனாலும் சுவரொட்டியில் 'நாளைய விஞ்ஞானிகளே' என்று போடுவதற்குப் பதிலாக 'சர்க்கரைக் கரைசலை ஒளியால் அளப்போம்' என்று போடுவதில் நட்டமில்லை.

கீற்றணி:

ஒரு மாற்றுக் கருத்து. சர்க்கரைத் தண்ணீரோடு நின்றுவிட்டால் இந்தத் துறையில் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் வீட்டுக்குப் போவார்கள். பாலம், சுரங்கப்பாதை, எண்ணெய்க் குழாய், நிலநடுக்கம் என்று ஒளியிழை சென்சார் இருக்கும் இடமே வேறு. பேச்செல்லாம் ஸ்லைடே இல்லாத திட்டத்தை நோக்கிப் போகிறது, ஆனால் இருபது நிமிடமாவது இதற்கு வேண்டும்.

இழைக் கீற்றணி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே கணக்கு அவர்கள் கைக்குள் வரும். கண்ணாடி இழையின் உள்ளகத்தில் புறஊதா ஒளியால் எழுதிய வரிகள், இடைவெளி ஏறத்தாழ 535 நானோமீட்டர். அதை இரண்டால் பெருக்கி ஒளிவிலகல் எண் 1.447ஆல் பெருக்கினால் 1548 நானோமீட்டர். அந்த அலைநீளம் மட்டும் திரும்பி வரும், மற்றவை கடந்துபோகும். இழை நீண்டால் வரிகளும் விலகும், திரும்பும் அலைநீளம் நகரும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீண்டால் 1.2 பிக்கோமீட்டர். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் 10 பிக்கோமீட்டர். இந்த இரண்டு எண்ணையும் பலகையில் எழுதிவிட்டு, பாலத்தில் ஒட்டிய சென்சார் மதியம் 200 பிக்கோமீட்டர் நகர்ந்தது, லாரி ஏறியதா வெயில் ஏறியதா என்று கேளுங்கள். யாராவது ஒருத்தி, சுமை படாத இரண்டாவது இழை ஒன்றைப் பக்கத்தில் வைக்கலாம் என்பாள். பொறியாளர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

எஃகில் ஒட்டிவிட்டால் எஃகின் விரிவும் சேர்ந்து டிகிரிக்கு ஏறத்தாழ 24 பிக்கோமீட்டர் ஆகிவிடும் என்பது கூடுதல் கேள்விக்கு.

இழை நெடுக ஒவ்வோரிடத்திலிருந்தும் சிதறித் திரும்பும் ஒளியைப் படித்து இழையே சென்சார் ஆகும் முறையும் ஒரு வகுத்தலில் அடங்கும். இழைக்குள் ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2,04,000 கிமீ. 10 நானோநொடித் துடிப்பு அனுப்பினால் இழையில் ஒரு மீட்டர் இடைவெளியைப் பிரித்தறியலாம், போய்த் திரும்புவதால் பாதி. 10 கிமீ இழைக்குப் போய்வர 98 மைக்ரோநொடி. முந்தைய துடிப்பு திரும்பி முடியும் முன் அடுத்ததை அனுப்பினால் கலந்துவிடும் என்பதால் நொடிக்குப் பத்தாயிரத்துச் சொச்சம் துடிப்புக்கு மேல் முடியாது. நிலநடுக்க அலைக்கு அது தாராளம். இந்தக் கணக்கை 14 வயதில் போட முடியாதா என்ன?

ஒளிக்கசிவு:

இருபது நிமிடம் சரி, ஆனால் முதலில் வேண்டாம். காலிபரேஷன் முடிந்த பிறகு வையுங்கள். தன் எல்இடி சூடேறி எண் இறங்குவதைப் பார்த்தவளுக்குத்தான் வெப்பமும் திரிபும் (இழை நீள்வது) ஒன்றோடொன்று கலப்பது பொருட்டாகத் தெரியும்.

டேட்டாஷீட்:

அதற்கு முன் ஒரு கணக்கு மீதி இருக்கிறது. தண்ணீரில் அசையாமல் வைத்து 50 வாசிப்பு எடுத்து அதன் திட்ட விலக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு 20 சதவீதத்தில் 612, 40 சதவீதத்தில் 548 என்று வந்தால் சாய்வு ஒரு சதவீதத்துக்கு 3.2 படி. விலக்கம் 2 படி என்றால் மூன்று மடங்கு 6, அதை 3.2ஆல் வகுத்தால் 1.9. இந்தச் சென்சார் இரண்டு சதவீதத்துக்குக் குறைந்த வேறுபாட்டைச் சொல்ல அருகதையற்றது. மறைத்து வைத்த கரைசலுக்கு '34, கூட்டல் கழித்தல் 2' என்று எழுதுகிற குழுவையும் '34.72' என்று எழுதுகிற குழுவையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள்.

கோடு முழுவதும் நேராக இருக்காது, செறிவு கூடும் பக்கம் சாய்வு மாறும். ஆறு புள்ளிக்கும் ஒரே நேர்கோட்டை வலிந்து போடாமல், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே கோடு இழுத்துப் படிக்கட்டும்.

வகுப்பறை9:

இது மாணவியருக்கு மட்டும் என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. கலந்து நடத்தினால்தான் இயல்பு என்கிறார்கள். உரைக்கு யாரை அழைப்பது என்பதும் முடிவாகவில்லை.

சமபங்கு:

முதல் தொடுகைக்குத் தனியாக நடத்துவதில் பயன் உண்டு, அதையே நிரந்தரமாக்குவதில் இல்லை. அடுத்த நிகழ்ச்சியைக் கலந்து வைத்து, இந்த 24 பேரும் கருவியை விளக்குபவர்களாக இருக்கட்டும். இளஞ்சிவப்புப் பெட்டி, பளபள ஸ்டிக்கர் எதுவும் வேண்டாம். சாமான் சாமானாகவே இருக்கட்டும்.

உரையைப் பொறுத்தவரை என் கணிப்பு: நோபல் பட்டியலை வைத்து ஊக்கப்படுத்துவது சில நேரம் எதிர்விளைவுதான். இயற்பியல் நோபலில் 1903இல் மேரி கியூரி, அடுத்து 1963இல் மரியா கோப்பெர்ட் மேயர், பிறகு 2018இல்தான் டோனா ஸ்ட்ரிக்லண்ட். அரை நூற்றாண்டு இடைவெளிகளைக் காட்டி 'நீயும் வரலாம்' என்றால், வர எவ்வளவு அரிது என்பதுதான் மனதில் தங்கும்.

கீற்றணி:

ஸ்ட்ரிக்லண்டை விடாதீர்கள், பரிசுக்காக அல்ல, இழைக்காக. அந்தப் பரிசுக்குக் காரணமான 1985 ஆய்வில், லேசர் துடிப்பை நீட்டி விரிக்க அவர் குழு பயன்படுத்தியது 1.4 கிமீ ஒளியிழை. மேசையில் 60 செமீ இழையோடு மல்லாடிய பிள்ளைகளுக்கு அந்த நீளம் ஏதாவது சொல்லும்.

உரைக்கு அழைப்பது இரண்டாம் ஆண்டு பொறியியல் மாணவியாகவோ இழைகளை ஸ்ப்ளைஸ் செய்யும் (முனையோடு முனை ஒட்டும்) டெக்னீஷியனாகவோ இருக்கட்டும். 'எப்படிச் சாதித்தீர்கள்' என்று கேட்க வேண்டாம். முந்தின நாள் எது வேலை செய்யவில்லை, எப்படிக் கண்டுபிடித்தார் என்பதைப் பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். டெக்னீஷியன் வந்தால் கண்ணாடி இழைத் துண்டும் கண்ணுக்குத் தெரியும் ஒளி தரும் லேசரும் கொண்டுவருவார். துண்டுகளை அவரே டேப்பில் ஒட்டி மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும், விரலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது. 1550 நானோமீட்டரில் ஓடும் எதையும் மேசைக்குக் கொண்டுவர வேண்டாம். ஒளி தெரியாததால் கண் தானாக மூடாது.

சமபங்கு:

இன்னொன்று, ஒரு நாள் நிகழ்ச்சி தனியாக எதையும் மாற்றாது. சென்சாரை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாவிட்டாலும் பள்ளி அலமாரியில் அவரவர் பெயரோடு இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்து ஒரு மணி நேரம்: அதே சென்சார், வேறு கேள்வி. உப்புக் கரைசல் எடுத்தால் எண் எப்படி மாறும், தேய்ப்பு இருபதானால் சாய்வு எவ்வளவு கூடும். கேள்வி அவர்களுடையதாக இருக்கட்டும்.

வகுப்பறை9:

அப்படியென்றால் வரிசை இது. வெட்டி மெருகேற்ற 30 நிமிடம், சர்க்யூட்டும் ரெசிஸ்டர் தேர்வும் 30, தேய்ப்பும் காலிபரேஷனும் 45, பலகைக் கணக்கு 20, டெக்னீஷியன் 10, மறைத்த கரைசல் 30. மீதி 15 நிமிடம் இடமாற்றத்துக்கும் சறுக்கலுக்கும். இழை எட்டுக் குழுவுக்கு 4.8 மீட்டர், தவறும் வெட்டுகளுக்கும் உதிரிக்கும் சேர்த்து 10 மீட்டராக வாங்குகிறேன். முதல் நாள் இரவு எதைச் சரிபார்க்க வேண்டும்?

டேட்டாஷீட்:

எட்டு யூஎஸ்பி கேபிளும் டேட்டா கடத்துகின்றனவா என்று பாருங்கள், சார்ஜ் மட்டும் செய்யும் கேபிள் ஒன்றாவது கலந்திருக்கும். போட்டோடயோடு எட்டின் கேத்தோடு காலிலும் சிவப்பு மார்க்கரால் புள்ளி வையுங்கள். திருப்பி மாட்டினால் இருட்டிலும் வெளிச்சத்திலும் எண் உச்சத்தை ஒட்டியே நிற்கும், எரிந்துபோகாது. அதனால் புள்ளியை ஆறுக்கு மட்டும் வைத்துவிட்டு, இரண்டு குழுவைத் தாமாகக் கண்டுபிடிக்க விட்டாலும் தவறில்லை.

இழைமுனை:

உதிரியாக வளைத்து வைத்த யூ நான்கு. தேய்க்கும்போது இரண்டு கட்டாயம் உடையும்.